வாயில்லா உயிர்களின் நோயும் வாயுள்ள நமது மௌனமும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் என்றதும் இன்றைய மாணவர்க்கு நினைவில் எழுவது சிப்காட் தொழிற்பூங்காவே. காலைப் பணிமாற்ற நேரத்தில் அவ்வழியே செல்வோர், சீருடை அணிந்த இளைஞர்களை ஏற்றிவரும் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கக் காண்பர். ஏன் நிற்கின்றன என்று எட்டிப் பார்த்தால், சாலையின் நடுவே நான்கைந்து மாடுகள் படுத்து அசைபோட்டுக் கொண்டிருக்கும். ஓட்டுநர் ஒலி எழுப்புவார்; மாடுகள் அசையா. அவை வழிதவறி வந்தவை அல்ல. அவற்றின் முன்னோர் மேய்ந்த இடத்திலேதான் அவை படுத்திருக்கின்றன. நிலம் கைமாறிற்று, அங்கிருந்தோர் தொழிலும் மாறிற்று; பழைய இடத்தை விட்டு அகலாதவை அம்மாடுகள் மட்டுமே.

கால்நடைகளின் நலம், அவற்றின் நோயைக் கண்டறிதல், அதற்கான ஆராய்ச்சி என்பனவெல்லாம் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சுவர்களுக்குள் நடப்பவை. தமிழ்த்துறை மலரில் அவற்றுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வினவுதல் முறையே. எனினும், இத்துறையில் ஆய்வுக்கூடம் செய்யும் பணி பாதியே என்பதும், எஞ்சிய பாதி சொல்லையும் பேச்சையும் மனச்சான்றையும் சார்ந்தது என்பதும் என் கருத்து. அப்பாதி நம் பொறுப்பில் உள்ளது. அதை நாம் செவ்வனே செய்யவில்லை என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் பொருள். வள்ளுவர் கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டிருக்கிறார் என்பதை இளங்கலை முதலாண்டு மாணவரும் அறிவர். ஆனால் அச்செல்வத்துக்கு நோய் வந்தபோது நம் முன்னோர் இட்ட பெயர்களை நம் மாணவர் அறிவாரா? வெக்கை, அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை, கோமாரி, துள்ளுமாரி, வெள்ளைக்கழிச்சல், இரத்தக்கழிச்சல் என்று எத்தனை பெயர்கள்! இவை வெறும் பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு நோயறிகுறிக் குறிப்பு. சப்பை என்பது இடுப்பை ஒட்டிய தொடைச்சதை. அங்கே வீங்கி, அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கும் நோய்க்குச் சப்பை நோய் என்று பெயர். மழைக்குப்பின் தளிர்த்த இளம்புல்லை வயிறார மேய்ந்த செம்மறி, மாலையில் திடீரெனத் துள்ளி விழுந்து மாண்டுபோகும், அது துள்ளுமாரி. ஈண்டு மாரி என்பது மழையன்று. சாவு, கொள்ளைநோய் என்னும் பொருளது. குடலில் இயல்பாகவே வாழும் ஒரு நுண்ணுயிரி, செழித்த தீவனம் மிகும்போது பெருகி நஞ்சை உமிழ்வதால் இது நேர்கிறது என்று அறிவியல் பின்னர்க் கண்டது. இளம்புல்லுக்கும் இச்சாவுக்கும் தொடர்புண்டு என்பதை மேய்ப்பர் முன்பே கண்டிருந்தனர். மாட்டு வாகடங்கள் எனப்படும் சுவடிகளும் இவ்வகைக் கூர்நோக்கில் பிறந்தவையே. அவற்றிலுள்ள மருந்துகள் அனைத்தும் பலிக்கும் என்று நான் வாதிட வரவில்லை. சூடுபோடுவதையும் நாக்கில் உப்பைத் தேய்ப்பதையும் கண்டவன் நான். அவற்றுள் சில மாட்டைத் துன்புறுத்தியதன்றி வேறு பயன் தரவில்லை. பழமை என்பதற்காக எதையும் போற்ற வேண்டியதில்லை. ஆனால் நோயை முதலில் கண்டுகொள்ளும் கண் அவர்களுக்கு இருந்தது. அக்கண்ணே ஆராய்ச்சியின் தொடக்கம்.

இதற்குச் சான்றாக வெக்கை நோயின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கடுங்காய்ச்சல், வாய்ப்புண், கண்ணீர், பின்னர் நிற்காத கழிச்சல், சில நாள்களில் சாவு. ஊருக்குள் நுழைந்தால் தொழுவம் தொழுவமாக வெறுமையாக்கிய நோய் அது. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1761-இல் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றுவதற்கு இந்நோயே பெருங்காரணம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது ஆப்பிரிக்காவில் பரவியபோது, உழவுமாடு இழந்த எத்தியோப்பியா கொடும் பஞ்சத்தில் வீழ்ந்தது. நம் நாட்டில் ஆங்கில அரசு அமைத்த மாட்டுக் கொள்ளைநோய் ஆணையம் 1871-இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக 1889-இல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்து, 1893-இல் குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவருக்கு இடம்பெயர்ந்தது. கொடிய கிருமிகளைக் கையாளும் இடம் ஊரைவிட்டு ஒதுங்கியிருத்தல் நலம் என்று கருதப்பட்டது. 1897-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக் அங்கு வந்து சென்றார். அதுவே வளர்ந்து இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் ஆயிற்று. தமிழகத்தில், வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தோன்றியது. இராணிப்பேட்டையில் ஊநீர் நிலையமாக 1932-இல் தொடங்கப்பெற்றதே இன்றைய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம். தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற இராணிப்பேட்டையில், அத்தோலுக்குரிய உயிர்களைக் காக்கும் மருந்தும் செய்யப்படுகிறது என்பதை அவ்வட்டாரத்துத் தோல் வணிகக் குடும்பங்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர் பலர் அறியார்.

1954-இல் நாடு தழுவிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி போடப்பட்டது. நோய் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. இடம்பெயரும் மந்தைகளிலும் ஆட்டுக்கூட்டங்களிலும் அது பதுங்கிக் கிடந்தது. ஒழிப்பின் இறுதிக்கட்டத்தில் வெற்றியைத் தந்தது ஊசி மட்டுமன்று, தேடலும் ஆகும். ஊர் ஊராகச் சென்று, மந்தைகள் செல்லும் வழியெல்லாம் நின்று, ‘வாயில் புண்ணும் கழிச்சலுமாக மாடு ஏதேனும் கண்டீர்களா?’ என்று கேட்டறியும் பணியை அரசு மேற்கொண்டது. ஊசியை நிறுத்திவிட்டு, நோய் தலைகாட்டுகிறதா என்று பல்லாண்டு காத்திருந்து பார்ப்பது எத்துணைத் துணிவும் பொறுமையும் வேண்டும் செயல்! இந்தியாவின் கடைசி வெக்கை நோய்த்தாக்குதல் 1995 அக்டோபரில் பதிவாயிற்று. எங்கே? அன்றைய நம் வடஆர்க்காட்டு மாவட்டத்தில். 2006-இல் இந்தியா வெக்கைத் தொற்று அற்ற நாடு என்று உலகக் கால்நடை நல அமைப்பு ஏற்றது. 2011-இல் உலகமே விடுபட்டது. மனிதன் அடியோடு ஒழித்த நோய்கள் இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றொன்று இந்த மாட்டு வெக்கை. பெரியம்மை ஒழிப்பைப் பள்ளிப் பாடநூலில் படித்தோம். வெக்கை ஒழிப்பு நம் ஊர்த்தெருவில் முடிவுற்ற வரலாறாயினும், அதைப் பற்றி ஒரு பக்கம்கூட நாம் எழுதி வைக்கவில்லை.

இனி ஆட்டுக்கொல்லி நோய். இது வெக்கையின் உடன்பிறப்பு. மனிதர்க்கு வரும் தட்டம்மைக்கும் உறவு. மனிதர்க்குத் தொற்றாது. வெள்ளாட்டையும் செம்மறியையும் தாக்கும். 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் முதன்முதல் விவரிக்கப்பெற்ற இந்நோய், இந்தியாவில் முதலில் உறுதிசெய்யப்பட்டது 1987-இல்; விழுப்புரத்தை அடுத்த அரசூர் என்னும் சிற்றூரில். அதற்குமுன் ஆடுகள் இவ்வாறு மாண்டபோதெல்லாம் வெக்கை என்றே கருதப்பட்டிருக்கலாம். அரசூரில் எடுக்கப்பெற்ற நச்சுயிரியைக் கொண்டே நாட்டின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமான நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பின்னாளில் ஒரு தடுப்பூசியை உருவாக்கிற்று. அரசூர் 87 என்னும் பெயரில் உலக ஆய்விதழ்களில் அந்த ஊர் இன்றும் வழங்குகிறது. நம் நிலத்து ஊர்ப்பெயர் ஒன்று இவ்வகையில் உலகெங்கும் சென்றிருப்பது ஊர்ப்பெயராய்வு செய்யும் நம் துறையினர்க்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

அரசூரில் பெயர் கண்ட அந்நோய்க்கு எங்கள் ஊரில் 1990-இல் பெயரில்லை. இதைச் சொல்லும்போது என் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றை மறைக்க இயலவில்லை.

பிள்ளைப்பாக்கத்தை ஒட்டிய சிற்றூரில் என் தாய்வழிப் பாட்டியார் வெள்ளாடு வளர்த்தார். நாங்கள் அவரை நன்னி என்றழைப்போம். ஒன்பது உருப்படிகள். அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வாரச்சந்தையிலிருந்து மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கிடாவை வாங்கி வந்து பட்டியில் சேர்த்தார். நான்கைந்து நாள் கழித்து அதன் மூக்கு ஒழுகத் தொடங்கியது. கண்ணில் பீளை கட்டிற்று. வாயில் தவிடு ஒட்டியதுபோல் வெள்ளை படிந்தது; அருகில் சென்றால் துர்நாற்றம். நன்னி மஞ்சளை வெண்ணெயில் குழைத்துத் தடவினார். ஓதித் தண்ணீர் ஊதிக் கொடுத்தார். கிடா விழுந்த மறுநாள் பெட்டைகள் இரண்டு மூக்கொழுக நின்றன. அப்போது அண்டை வீட்டார் கூறிய அறிவுரை, நன்றாயிருப்பவற்றை உடனே விற்றுவிடு என்பதே. வியாபாரி வந்தார், இரண்டு ஆடுகளை ஓட்டிச் சென்றார். எஞ்சியவை கிடாவோடு சேர்த்து எட்டு. எட்டும் பதினைந்து நாளில் மாண்டன.

விற்ற இரண்டும் பெருநாளுக்குள் அறுபடவில்லை. பக்கத்து ஊரில் கணவனை இழந்த ஒரு பெண்மணியின் பட்டியில் அவை விடப்பட்டிருந்தன என்பதும், அங்கே குட்டிகள் முழுவதும் போயின என்பதும் ஒரு திங்கள் கழித்தே தெரியவந்தன. நன்னி அதன்பின் ஆடு வளர்க்கவில்லை. வெகுகாலம் கழித்து, நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் பேச்சுவாக்கில், “தெரிஞ்சேதான் வித்தேன் வாப்பா. அது மூஞ்சியப் பாத்தேன், கண்ணு வாடியிருந்துச்சு. அல்லாஹ் கேப்பான்” என்றார். எந்த ஆய்வுக்கூடமும் அன்று அந்நோயைக் காணவில்லை. ஆனால் நன்னி கண்டார். கண்டதைச் சொல்லவில்லை. நோய் பரவிய வழி அந்த மௌனமே. என் நினைவிலுள்ள அடையாளங்கள் யாவும் ஆட்டுக்கொல்லிக்குப் பொருந்துகின்றன என்பதை நான் பிற்காலத்தில் ஒரு கால்நடை மருத்துவ நூலைப் புரட்டியபோது அறிந்தேன். இன்று ஒருமுறை போடும் ஊசி மூன்றாண்டுக்குக் குறையாமல் காக்கும். 2030-க்குள் இந்நோயை உலகிலிருந்தே ஒழிப்பதென உலக அமைப்புகள் இலக்கு வகுத்துள்ளன. வெக்கையை ஒழித்த நமக்கு இது இயலாததன்று.

நன்னி அறிந்திருந்தும் மறந்த அறிவுரை ஒன்று நம் மார்க்கத்தில் உண்டு. நோயுற்ற ஒட்டகங்களை உடையவர் அவற்றை நலமுள்ள ஒட்டகங்களோடு கலக்கச் செய்யலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. கால்நடை நோய்த்தடுப்பின் முதல் விதி இதுவே அன்றோ? ஆயினும் நம் பெரியோர்களில் சிலர், தொற்று என்பது இல்லை என்று வரும் மற்றொரு ஹதீஸை எடுத்துக்காட்டி, ‘எல்லாம் இறைநாட்டம், ஊசி எதற்கு?’ என்று கேட்பதை நான் செவியுற்றிருக்கிறேன். இதனை நழுவவிடாமல் எதிர்கொள்ள வேண்டும். அந்த ஹதீஸில், மான்போல் திரியும் தம் ஒட்டகங்களிடையே சொறிபிடித்த ஒட்டகம் ஒன்று புகுந்தால் மற்றவையும் சொறிபிடிக்கின்றனவே என்று ஒரு கிராமவாசி கேட்க, அவ்வாறாயின் முதல் ஒட்டகத்துக்கு நோயைத் தந்தவர் யார் என்னும் எதிர்வினா மறுமொழியாக அமைகிறது. நோய் தன்னாற்றலால் இயங்கும் ஒரு தெய்வம் போன்றது என்னும் அறியாமைக்கால நம்பிக்கையை அது மறுக்கிறது என்றும், கலக்காதே என்னும் கட்டளை காரணகாரியத்தைப் பேணச் சொல்கிறது என்றும் ஹதீஸ் விளக்கவுரையாளர் பலர் இரண்டையும் இணக்கிக் காட்டியுள்ளனர். இரண்டையும் அறிவித்தவர் ஒரே நபித்தோழர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றைக் கைவிடுதல் மார்க்கப் பற்றாகாது. அது சோம்பலுக்குத் தேடிய சான்றாகவே முடியும்.

நம் மரபில் கால்நடை மருத்துவத்துக்குப் பைத்தறா என்றும் மருத்துவருக்குப் பைத்தார் என்றும் பெயர். 1248-இல் திமிஷ்கு நகரில் மறைந்த புகழ்பெற்ற மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தாரின் பெயருக்கே கால்நடை மருத்துவரின் மகன் என்பதுதான் பொருள். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சட்ட அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள், கால்நடைக்கு மனிதன்மீதுள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, முதுமையாலோ நோயாலோ பயன்படாமற்போன உயிருக்கும் தீவனச்செலவு செய்தாக வேண்டும் என்று எழுதினார். பிள்ளைப்பாக்கத்துச் சாலையில் பால்வற்றிய மாட்டை அவிழ்த்துவிட்டுச் செல்வோர் எந்தச் சமயத்தவராயினும் அவருடைய கூற்றைக் கேட்கக் கடமைப்பட்டவர். நம் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலம் ஒன்றை அமைத்தார். குட்டிக்குப் பாலூட்டிவரச் செல்லும் ஒரு பெண்மானுக்காக நபிகளார் வேடனிடம் தாமே பிணையாக நிற்பதை அப்படலம் பாடுகிறது. அதைத் தேர்வுக்குரிய பாடமாகப் பலமுறை நடத்தியிருக்கிறேன். அணிநலம் சொன்னேன், சொல்நயம் சொன்னேன். பிணைநிற்றல் என்றால் இன்று என்ன என்று ஒரு மாணவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இன்று அதற்குப் பொருள் தேடும் இடம் நம் குர்பானிச் சந்தை. குருடு தெளிவாகத் தெரிவது, நோய் தெளிவாகத் தெரிவது, நொண்டி தெளிவாகத் தெரிவது, எலும்பும் தோலுமாய் மெலிந்தது ஆகிய நால்வகைப் பிராணிகளும் குர்பானிக்கு ஆகா என்பது நாமறிந்த சட்டம். ஆகவே ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். கொம்பைப் பிடித்துப் பார்க்கிறோம். அதே வாயின் ஈறுகளில் புண்ணுண்டா என்று பார்ப்பதில்லை. பெருநாளுக்கு முந்தைய இரு வாரங்களில் பல மாவட்டத்து ஆடுகள் ஒரே திடலில், ஒரே தொட்டியில் நீரருந்துகின்றன. இந்நோய் பரவுவதற்கு இதைக் காட்டிலும் ஏற்ற இடம் கிடையாது. விற்காத ஆடுகள் பெருநாள் முடிந்தபின் ஊர்களுக்குத் திரும்புகின்றன. அறுபடும் ஆட்டால் தொல்லையில்லை. திரும்பும் ஆடே நோயைச் சுமந்து செல்கிறது. விலங்குகளை ஏற்றிச்செல்வது குறித்து 1978-ஆம் ஆண்டு முதலே விதிகள் உள்ளன. இருந்தும் சிறு வண்டியில் கால் மடங்கியபடி ஒன்றன்மேல் ஒன்றாய் ஆடுகள் வருவதைக் காண்கிறோம். களைப்பும் தாகமும் அச்சமும் உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். பதுங்கிய நோய் அப்போதே வெளிப்படும். எனவே வதை தவிர்த்தலும் நோய் தவிர்த்தலும் வேறு வேறு அல்ல. அறுப்பதற்குக்கூட கத்தியைத் தீட்டி, பிராணிக்கு இளைப்பாறுதல் அளிக்கப் பணித்த மார்க்கம், அதை ஏற்றிவரும் வண்டியில் எவ்வாறேனும் திணிக்கலாம் என்று அனுமதித்திருக்குமா?

ஜமாஅத்துப் பெரியோர்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. சந்தை கூடும் திடலில் ஒரு கால்நடை மருத்துவரை அழைத்து நிறுத்துங்கள். விலைபோகாத ஆட்டை ஊர்திரும்பியபின் இரண்டு, மூன்று வாரம் தனியே கட்டுமாறு வியாபாரிகளிடம் சொல்லுங்கள். பெருநாளுக்கு முந்தைய ஜும்ஆவில் இவ்விரண்டையும் ஐந்து நிமிடம் பேசினால் போதும். நேர்ச்சைக் கூட்டங்களுக்கு நாம் செலவிடும் நேரத்தில் இது நூறில் ஒரு பங்கும் ஆகாது.

சொன்னவருக்கு நட்டம் வரக்கூடாது என்பதையும் இவ்விடத்தில் கூறியாக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், நோயைக் கண்ட உரிமையாளர் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. கடமையை விதித்த சட்டத்தை ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டாலும் அஞ்சுவர், தெரிவித்தால் சந்தை மூடப்படும், ஆட்டுக்கு விலை கிடைக்காது. நன்னியைப் போன்ற ஏழைப்பெண்ணிடம் ஒன்பது ஆடுகள்தாம் சேமிப்பு, சீர், மருத்துவச்செலவு எல்லாம். அவரிடம் நேர்மையை மட்டும் எதிர்பார்த்துவிட்டு, நட்டத்தை அவர் தலையிலேயே கட்டுவது முறையன்று. நோயைத் தெரிவித்தவர்க்கு ஈடுசெய்யும் நிதி ஒன்று ஊர்தோறும் இருத்தல் வேண்டும். நம் பைத்துல்மால் போன்ற அமைப்புகள்கூட இதைச் செய்யலாம். ஆராய்ச்சிக்குக் கோடிகளை ஒதுக்கும் அரசு இதற்கும் ஒரு சிறு பங்கை ஒதுக்குதல் தகும். கோமாரி, கருச்சிதைவு நோய் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த 2019-இல் நடுவணரசு தொடங்கிய திட்டத்தின் மதிப்பீடு 13,343 கோடி ரூபாய். ஊசிக்குப் பணமுண்டு. ஊசி போட்ட மாட்டுக்கு எதிர்ப்பாற்றல் வந்ததா என்று குருதி எடுத்துப் பார்க்கவும் ஏற்பாடுண்டு. உழவன் வாய்திறந்து சொல்வதற்கான துணிவை விலைகொடுத்து வாங்கும் வழிதான் காணோம்.

ஆய்வுக்கூடங்கள் இன்று வியத்தகு நிலையை எட்டியுள்ளன என்பதில் ஐயமில்லை. ஆட்டின் மூக்குநீரை ஒரு குச்சியில் தொட்டு அனுப்பினால் நச்சுயிரியின் மரபுக்கூற்றைப் பெருக்கிக் கண்டுவிடுகின்றனர். பெங்களூரிலுள்ள தேசிய கால்நடை நோய்ப்பரவலியல் நிலையம், எந்த மாவட்டத்தில் எந்நோய் வரக்கூடும் என்று மழை, வெப்பம், பழைய பதிவுகள் ஆகியவற்றைக் கணிப்பொறியில் இட்டு முன்கூட்டியே அறிவிக்கிறது. 2019-இல் ஒடிசாவில் முதலில் காணப்பட்ட தோல் கழலை நோய் 2022-இல் வடமேற்கு மாநிலங்களில் மாடுகளைக் கொத்துக்கொத்தாய்ச் சாய்த்தபோது, அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நம் நாட்டு அறிவியலார் ஒரு தடுப்பூசியை உருவாக்கிக் காட்டினர். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வெகுதொலைவில் இல்லாத காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1962 என்னும் எண்ணை அழைத்தால் மருத்துவ ஊர்தி தேடி வருகிறது. இவையனைத்தும் இருந்தும் முதற்செய்தி பட்டியிலிருந்துதான் புறப்பட வேண்டும். குச்சியில் தொட்டு எடுப்பதற்கு முன், ‘இந்த ஆடு நேற்றுப்போல் இல்லை’ என்று ஒருவர் உணர வேண்டும்.

அவ்வாறு உணர்வோர் அருகி வருகின்றனர் என்பதே என் கவலை. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் வெள்ளாடுகள் 14.88 கோடி, தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 99 இலட்சம். உயிர்கள் குறைந்துவிடவில்லை. குறைந்தவர்கள் அவற்றோடு நாள்முழுதும் இருந்தவர்களே. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மேய்ப்பரின் பிள்ளைகள் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர். செல்லட்டும், திங்கள்தோறும் வரும் ஊதியத்தை யாரும் குறைகூறலாகாது. நானும் ஆடு மேய்த்து இவ்விடம் வந்தவனல்லன். ஆனால் காலையில் அவிழ்த்துவிட்டு இரவில் கட்டும் மாட்டின் நோயை யார் காண்பர்? மேய்ச்சல் புறம்போக்கு சுருங்க, மாடுகள் உணவுக்கடைகளின் குப்பையை நாடுகின்றன. அவற்றின் இரைப்பையை அறுத்துக் கிலோக்கணக்கில் பிளாஸ்டிக்கை எடுக்கும் செய்தி நாளேடுகளில் வந்தவண்ணமே உள்ளது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடைசெய்தும் அது குறைந்தபாடில்லை. வயிறு நிறைந்ததுபோல் தோன்றி மெலிந்துகொண்டே வரும் இந்நோய்க்கு நம் வாகடங்களில் பெயரில்லை. இது நம் தலைமுறை படைத்த நோய்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். பதினைந்து ஆடுகள் வைத்திருந்தார். நோய்ப்பெயர்களைக் கேட்டேன். துள்ளுமாரியில் தொடங்கி இருபதுக்கு மேல் சொன்னார். அவற்றுள் ஐந்தாறு நான் எந்த அகராதியிலும் காணாதவை. குறித்துக்கொண்டே வந்தவன், “எப்படிங்க ஐயா நோய்னு மொதல்ல கண்டுபிடிக்கறீங்க?” என்று கேட்டேன். “ஆடு கூட்டத்த வுட்டுத் தனியா நின்னுக்கினு இருந்தா அது சொல்லிடுச்சுன்னு அர்த்தம் சார். நாமதான் கேக்கறதில்ல” என்றார்.

நம் துறையின் முதுகலை மாணவர்க்கு ஆய்வேட்டுத் தலைப்புகள் ஆண்டுதோறும் தேவைப்படுகின்றன. நாவல்களில் பெண் பாத்திரங்கள் என்னும் தலைப்பு எத்தனை முறைதான் வரும்! காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களில் வழங்கும் கால்நடை நோய்ச்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றின் அறிகுறியையும் மேய்ப்பர் சொன்னபடியே எழுதி, காட்டுப்பாக்கத்து மருத்துவ ஆசிரியர்களிடம் காட்டி இன்ன நோய் என்று உறுதிசெய்து ஓர் அகராதி செய்யலாம். அது தமிழுக்குச் சொல்வளம், மருத்துவருக்குக் கருவி. ஊர்க்கிழவர் அடைப்பான் என்றால் ஊரார் எதைக் கருதுகின்றனர் என்பது இளம் கால்நடை மருத்துவர்க்கு உடனே தெரிய வேண்டும். ஏனெனில் அடைப்பானில் இறந்த மாட்டை அறுக்கக்கூடாது, தோலை உரிக்கக்கூடாது. சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தாக வேண்டும். தவறினால் அக்கிருமியின் வித்துகள் பல்லாண்டு மண்ணிலேயே கிடந்து மீண்டும் எழும்; மனிதரையும் கொல்லும். அந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஓர் உயிர் போகலாம்.

ஏரிக்கரையில் நான் குறித்த பட்டியல் என் மேசையில் இருக்கிறது. அதில் மூன்று சொற்களுக்குப் பொருள் கேட்க மறந்துவிட்டேன். வரும் விடுமுறையில் இரண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு மீண்டும் செல்ல இருக்கிறேன். உடன்வர விரும்புவோர் துறையில் பெயர் கொடுக்கலாம். காலை ஆறு மணிக்கு முன் புறப்பட வேண்டும், ஆடுகள் அதற்குப்பின் பட்டியில் இரா.